புகையில்லா வண்டியின் சுமை

துறைமுகங்களிலும், சரக்குக் கிடங்குகளிலும், பெரிய ஆலைகளிலும் ஒருவகை வண்டியை நீங்கள் பார்த்திருக்கலாம். யானையின் தந்தங்களைப் போல இரண்டு இரும்புக் கரங்கள் அதன் முன்புறத்தில் நீண்டிருக்கும். அக்கரங்களைச் சரக்கு அடுக்கிய மரத்தட்டின் அடியில் செலுத்தி, மூட்டைகளை அப்படியே தூக்கிச் சென்று, வேண்டிய இடத்தில் இறக்கி வைத்துவிடும். பலர் கூடி நெடுநேரம் முதுகொடியச் செய்யவேண்டிய வேலையை ஒருவர் இருக்கையில் அமர்ந்தபடியே சில நிமிடங்களில் முடித்துவிடுகிறார். ஃபோர்க்லிஃப்ட் என்று அவ்வண்டிக்குப் பெயர். அவற்றுள் டீசலால் ஓடுபவை உண்டு. மின்சாரத்தால் ஓடுபவையும் உண்டு. மின்சார வண்டி புகை கக்குவதில்லை, இரைவதுமில்லை. அது நம் அருகே வந்து நிற்பதுகூடச் சில வேளைகளில் நமக்குத் தெரிவதில்லை. அதனைப் பார்ப்பவர்கள், “இது தூய்மையான வண்டி, இதனால் யாருக்கும் தீங்கில்லை” என்று மகிழ்கிறார்கள்.

அந்த மகிழ்ச்சியில் உண்மை இல்லாமல் இல்லை. நான்கு சுவர்களுக்குள்ளே டீசல் வண்டி ஓடினால், அதன் புகை அங்கே பாடுபடுகின்றவர்களுடைய நுரையீரலில்தான் சென்று தங்கும். டீசல் புகை மனிதனுக்குப் புற்றுநோயை உண்டாக்க வல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012-ஆம் ஆண்டில் அறிவித்தது. ஆகவே, மின்சார வண்டி கூடாது என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. அது வேண்டும், இன்னும் பெருகவும் வேண்டும். ஆனால், புகை மறைந்ததனாலேயே தீங்கும் மறைந்துவிட்டது என்று நாம் எண்ணிவிடக் கூடாது. தீங்கின் ஒரு பகுதி இடம் மாறியிருக்கிறது. அது எங்கே சென்றது, யாருடைய தலைமேல் சென்று அமர்ந்தது என்று தேடிப் பார்ப்பது விஞ்ஞானம் பயிலும் மாணவர்களுக்கு ஏற்ற வேலை. அந்தத் தேட்டத்தில் உங்களையும் உடன் அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

மின்சார வண்டிக்கு உயிர் அதன் வயிற்றுக்குள் இருக்கும் பேட்டரி. மின்சாரத்தைச் சேமித்து வைத்து வேண்டும்போது தருவதனால் அதைத் தமிழில் சேமக்கலம் என்பர். பிரான்சு நாட்டு விஞ்ஞானியான காஸ்டன் பிளான்டே என்பவர் 1859-ஆம் ஆண்டில் முதன்முதலாக இத்தகைய கலத்தைச் செய்தார். இரண்டு காரீயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாமல் சேர்த்துச் சுருட்டி, நீர் கலந்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, அவற்றில் மின்சாரத்தை ஏற்றினார். ஏற்றிய மின்சாரத்தை அக்கலம் திருப்பித் தந்தது. தீர்ந்தபின் மறுபடியும் ஏற்றிக்கொண்டது. 1881-இல் கமீல் ஃபோர் என்னும் மற்றொரு பிரெஞ்சுக்காரர், காரீயக் கலவையைப் பசைபோல் குழைத்துத் தகடுகளின்மேல் பூசும் முறையைக் கண்டார். அதன்பின் சேமக்கலம் ஆராய்ச்சிக்கூடத்தை விட்டு வெளியேறித் தொழிலுலகில் புகுந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கடந்த பிறகும், உலகில் ஓடும் எண்ணற்ற பாரந்தூக்கி வண்டிகளின் வயிற்றில் இருப்பது அதே காரீயமும் அதே கந்தக அமிலமுந்தான்.

அதற்குள் நடப்பது என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். மின்சாரம் ஏற்றிய நிலையில், ஒரு தகட்டில் காரீய டை ஆக்ஸைடு இருக்கும்; மற்றொன்றில் கடற்பஞ்சுபோல் நுண்துளைகள் நிறைந்த காரீயம் இருக்கும். வண்டி ஓடும்போது அவ்விரண்டும் அமிலத்தோடு சேர்ந்து காரீய சல்ஃபேட்டாக மாறுகின்றன. அமிலத்தின் செறிவு குறைகிறது. மாலையில் வண்டியைக் கொண்டுவந்து மின்சாரம் ஏற்றினால், சல்ஃபேட்டு மறுபடியும் பழைய பொருள்களாகப் பிரிகிறது. அமிலமும் செறிவு பெறுகிறது. இதுவரையில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. மின்னேற்றம் முடிவை நெருங்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. பிரிப்பதற்குச் சல்ஃபேட்டு குறைந்துவிட்டபடியால், உள்ளே வரும் மின்சாரம் தண்ணீரைப் பிரிக்கத் தலைப்படுகிறது. அப்போது ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் குமிழ்களாக மேலே வருகின்றன.

இந்த இரண்டு வாயுக்களையும் நீங்கள் பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் தயாரித்திருப்பீர்கள். சோதனைக் குழாயில் பிடித்த ஹைட்ரஜனின் அருகே எரியும் குச்சியைக் கொண்டுசென்றதும் ‘பட்’டென்று ஓர் ஒலி கேட்கும், வகுப்பு முழுதும் சிரிக்கும். அந்தச் சோதனைக் குழாயை ஓர் அறையின் அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். பிறகு சிரிக்க முடியாது. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு ஹைட்ரஜன் கலந்தாலே அது தீப்பற்றும் நிலையை அடைந்துவிடுகிறது. 75 பங்கு வரையில் அந்த ஆபத்து நீடிக்கிறது. அதைப் பற்றவைக்கக் கொள்ளிக்கட்டை வேண்டியதில்லை. மின்விசையைத் தட்டும்போது எழும் சிறு பொறி போதும். உடையிலிருந்து தெறிக்கும் நிலைமின்சாரம்கூடப் போதும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 48 வோல்ட்டு வண்டியின் சேமக்கலத்தில், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 வோல்ட்டு தரும் 24 கலங்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். மின்னேற்றத்தின் கடைசிக் கட்டத்தில் 25 ஆம்பியர் மின்சாரம் முழுவதும் தண்ணீரைப் பிரிப்பதிலேயே செலவாகிறது என்று கொள்வோம். ஒரு கலத்தில் ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால், ஏறக்குறைய 0.42 லிட்டர் ஹைட்ரஜன் பிறக்கும். அப்படியானால் ஒரு வண்டியிலிருந்து மணிக்குச் சுமார் 250 லிட்டர்; பத்து வண்டிகள் ஒன்றாக நின்றால் 2,500 லிட்டர். அவை நிற்கும் அறை 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ளது என்று வைத்துக்கொண்டால், அதன் கொள்ளளவு 90,000 லிட்டர். அதில் நூற்றுக்கு 4 பங்கு என்பது 3,600 லிட்டர். கதவும் சாளரமும் அடைபட்டிருந்தால், ஒன்றரை மணி நேரத்தில் அந்த அறை முழுவதுமே வெடிகுண்டாக மாறிவிடும். ஹைட்ரஜன் காற்றைவிடப் பதினான்கு மடங்கு இலேசானது. ஆதலால் அது முதலில் கூரையின் அடியிலும் மூலைகளிலும் திரளும். அங்கே ஆபத்து இன்னும் விரைவிலேயே வந்துவிடும். ஆகையால்தான் இத்தகைய அறைகளில் ஹைட்ரஜன் நூற்றுக்கு 1 பங்கைத் தாண்டாதபடி காற்றோட்டம் அமைக்க வேண்டும் என்று பொறியியலார் விதி வகுத்திருக்கிறார்கள்.

இஃது ஏட்டுக் கணக்கு அன்று. 1916-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், நியூயார்க்குக் கடற்படைத் தளத்தில் நின்றிருந்த ஈ-2 என்னும் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலில், சேமக்கலங்களிலிருந்து வெளிவந்த ஹைட்ரஜன் வெடித்துச் சிலர் மாண்டனர். வேறு சிலர் காயமுற்றனர். அக்கப்பலில் இருந்தவை காரீயக் கலங்கள் அல்ல. எடிசன் கண்ட நிக்கல் கலங்கள். தண்ணீர் பிரிந்தால் ஹைட்ரஜன் பிறக்கும். தகடு எந்த உலோகத்தால் ஆனது என்று அது பார்ப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சரக்குக் கிடங்கின் மின்னேற்ற அறையைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. மழைக்காலம், சாரல் உள்ளே அடிக்கிறது என்று சாளரங்களை இறுக மூடியிருந்தார்கள். காற்றை வெளியேற்றும் விசிறி சுவரின் உச்சியில் இருந்தது, ஆனால் சுழலவில்லை. அதன் இரைச்சல் பக்கத்து அறையில் கணக்கெழுதுவோருக்குத் தொல்லையாக இருந்ததாம். “விசிறியைப் போட்டுவிடுங்கள்” என்று நான் சொன்னபோது, அங்கிருந்த மேற்பார்வையாளர், “வாடை ஒன்றும் வரவில்லையே, ஐயா” என்று வியப்போடு கேட்டார். அவர் பொறுப்பற்றவர் அல்லர். வேலையை நன்கு அறிந்தவர். சமையல் வாயு கசிந்தால் மூக்கு எச்சரிக்கிறது. அதற்கென்றே அதில் நாற்றமுள்ள பொருளைக் கலந்திருக்கிறார்கள். ஹைட்ரஜனுக்கோ மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதன் சுடர்கூடப் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படுவது அரிது. ஐம்புலன்களும் கைவிடும் இடத்தில் அறிவு ஒன்றே துணை. அதை விளக்கிச் சொன்னவுடன் அவரே எழுந்து சென்று விசிறியைச் சுழலவிட்டார்.

வாயுவுக்கு அடுத்தபடி அமிலம். வண்டிச் சேமக்கலத்தில் தண்ணீர் குறையக் குறையக் காய்ச்சி வடித்த நீரை ஊற்ற வேண்டும். மின்னேற்றம் முடிந்த பின்னரே அதனை ஊற்ற வேண்டும். முன்னதாகவே விளிம்புவரை நிரப்பிவிட்டால், ஏற்றும்போது திரவம் விரிந்தும் பொங்கியும் அமிலம் வெளியே வழிந்துவிடும். அமிலம் கண்ணில் தெறித்தால் பார்வையே பறிபோகக் கூடும். எனவே கண்ணாடியும் கையுறையும் அணிவது நாகரிகத்துக்காக அன்று. தெறித்துவிட்டால், மருத்துவரைத் தேடி ஓடுவதற்கு முன்னால், அந்த இடத்திலேயே பதினைந்து நிமிடமேனும் தூய தண்ணீரால் கண்ணை இடைவிடாமல் கழுவ வேண்டும். அதற்கான குழாய் சில அடி தூரத்தில் இருக்க வேண்டும். அடுத்த கட்டடத்தில் இருந்தால் பயனில்லை. தரையில் சிந்திய அமிலத்தைச் சோடா உப்பைத் தூவி முறிக்கலாம். அமிலத்தில் நீர் கலக்கும்போது அமிலத்தைத்தான் நீரில் மெல்ல ஊற்ற வேண்டுமேயன்றி, நீரை அமிலத்தில் ஊற்றலாகாது என்பதை நீங்கள் வகுப்பிலேயே படித்திருக்கிறீர்கள்.

48 வோல்ட்டு மின்சாரம் நம்மைத் தூக்கியெறிவதில்லை; அதனால் பலர் அதை அலட்சியமாகக் கருதுகிறார்கள். ஆனால், இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஓர் இரும்புத் திருகுசாவி தவறி விழுந்துவிட்டால், ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் ஒரே கணத்தில் அதன் வழியே பாயும். சாவி பழுக்கக் காய்ந்து உருகித் தெறிக்கும். அந்தப் பொறி ஹைட்ரஜனையும் பற்றவைக்கும். விரலில் மோதிரம் அணிந்தவர் இவ்வாறு சிக்கினால், அந்த விரலையே இழக்க நேரலாம். இவற்றோடு எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தகைய சேமக்கலம் ஒரு டன் எடையும் அதற்கு மேலும் இருப்பதுண்டு. தூக்கும் பாரத்தால் வண்டி முன்புறம் கவிழ்ந்துவிடாமல் இந்த எடைதான் பின்னின்று தாங்குகிறது. அதைக் கழற்றி மாற்றும்போது சங்கிலி அறுந்தாலும், உருளை நழுவினாலும், அருகே நிற்பவரின் கால் தப்பாது.

“இப்போதுதான் லித்தியம் வந்துவிட்டதே, இனி இத்தொல்லைகள் எதற்கு?” என்று உங்களுள் சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. லித்தியம் அயனிக் கலங்களைக் கண்ட மூவருக்கு 2019-இல் வேதியியல் நோபெல் பரிசு கிடைத்தது. பாரந்தூக்கி வண்டிகளிலும் அவை வேகமாக இடம்பெற்று வருகின்றன. அவற்றில் காரீயம் இல்லை. தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. நல்ல நிலையில் மின்னேற்றும்போது ஹைட்ரஜனும் வருவதில்லை. ஆயினும், அவற்றுள் இருக்கும் திரவம் எரியக்கூடிய கரைப்பான். கலம் நசுங்கினாலும், அளவுக்கு மீறி ஏற்றினாலும், உள்ளே சூடு பிறக்கும். அச்சூடு மேலும் சூட்டைப் பெருக்கும். ஒரு கலத்திலிருந்து அடுத்த கலத்துக்குத் தாவும். அப்போது வெளிவரும் வாயுக்களில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு போன்ற கொடிய நஞ்சும் உண்டு. அணைந்துவிட்டது என்று எண்ணிய தீ, சில மணி நேரம், சில நாள் கழித்துக்கூட மறுபடியும் மூண்டுவிடலாம். இரும்பும் பாஸ்பேட்டும் கலந்த வகை மற்றவற்றைக் காட்டிலும் பொறுமையுடையது. ஆனால் அதுவும் சினமே அறியாதது அன்று. ஆகவே, பொருள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அந்தப் பொருளின் குணத்தை அதனோடு பழகுகிறவர் அறிந்திருக்கிறாரா என்பதே கேள்வி.

இதுவரை சொன்னவை, வண்டி உழைக்கும் இடத்தில் உள்ள ஆபத்துகள். அறிவும், ஒழுங்கும், ஓரளவு பணமும் இருந்தால் இவற்றைத் தடுத்துவிடலாம். நல்ல ஆலைகள் பல தடுத்தும் வருகின்றன. அங்கே இருப்பவர்களுக்கு ஆபத்தின் பெயரேனும் தெரியும். வண்டியின் சேமக்கலம் உழைத்துத் தேய்ந்து, இனி மின்சாரத்தைத் தாங்காது என்று கழித்துப் போடும் நாள் ஒன்று வருகிறதல்லவா? அன்றைக்குத்தான், பெயரே தெரியாதவர்களிடம் அந்த ஆபத்து போய்ச் சேருகிறது.

வண்டிச் சேமக்கலத்தின் எடையில் பாதிக்கு மேல் காரீயமும் அதன் கூட்டுப்பொருள்களுமே. உலகில் இன்று பயனாகும் காரீயத்தில் நூற்றுக்கு 85 பங்கு சேமக்கலங்களுக்கே செல்கிறது. நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பை நீங்கள் அறிவீர்கள். அது வெள்ளீயத்தால் செய்வது. வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. பெயரில் உறவு இருந்தாலும் குணத்தில் இல்லை. காரீயம் நஞ்சு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, விட்ருவியஸ் என்னும் ரோமானியக் கட்டடக் கலைஞர், காரீயத் தொழிலாளர்களின் வெளிறிய மேனியைச் சுட்டிக்காட்டி, குடிநீருக்குக் காரீயக் குழாய் ஆகாது என்று எழுதிவைத்தார். அமெரிக்காவில் ஆலிஸ் ஹாமில்ட்டன் என்னும் பெண் மருத்துவர், சேமக்கலம் செய்யும் தொழிற்சாலைகளுக்குள் நேரே சென்று ஆராய்ந்தார். 1914-இல் அவரது அறிக்கையை அந்நாட்டு அரசாங்கம் வெளியிட்டது. ‘தொழிலாளி கை கழுவாமல் உண்பதனால்தான் நோய் வருகிறது’ என்று முதலாளிகள் சொல்லிவந்த காலம் அது. கைகளைவிடக் காற்றே பெரிய குற்றவாளி என்பதையும், தொழிலாளி மூச்சோடு உள்ளிழுக்கும் தூசியும் ஆவியுமே அவனை அழிக்கின்றன என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். பழியைத் தொழிலாளியின் தலையிலிருந்து இறக்கி, தொழிற்சாலையின் அமைப்பின்மேல் வைத்தார். விஞ்ஞானம் ஏழைக்குச் செய்த பேருதவிகளுள் இதுவும் ஒன்று.

பழைய சேமக்கலத்தைச் சட்டப்படி நடக்கும் ஆலைக்கு அனுப்பினால், அங்கே மூடிய இயந்திரங்களில் உடைக்கிறார்கள், அமிலத்தை முறிக்கிறார்கள், மூடிய உலையில் காரீயத்தை உருக்கி, புகையை வடிகட்டுகிறார்கள். காரீயத்தை எத்தனை முறை உருக்கினாலும் அது காரீயமாகவே நிற்கும். எனவே ஒரு கலத்தின் காரீயம் அடுத்த கலத்துக்கு ஆகும். இப்படிப் பார்த்தால் மறுபயன் பெறுவதில் இதற்கு நிகரான பொருள் குறைவு. ஆனால், பழைய சேமக்கலங்கள் எல்லாமே அந்த ஆலைகளுக்குப் போய்ச் சேருவதில்லை. பல நாடுகளில் அவை ஊர்ப்புறத்துக் கொட்டகைகளுக்கும் வீட்டுக் கொல்லைகளுக்கும் செல்கின்றன. அங்கே கோடரியால் பிளக்கிறார்கள். அமிலத்தை வாய்க்காலில் கொட்டுகிறார்கள். தகடுகளைச் சட்டியில் இட்டுத் திறந்த அடுப்பில் உருக்குகிறார்கள். 327 பாகை செல்சியஸில் காரீயம் உருகிவிடும். அதற்குச் சாதாரண அடுப்பே போதும். இந்தத் தொழில் ஏழையின் கைக்கு எட்டியதற்கும் அந்த எளிமையே காரணம். எழும் ஆவி குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத தூளாகச் சுற்றிலும் படிகிறது. கூரையிலும், மண்ணிலும், உலரப்போட்ட துணியிலும் அது தங்குகிறது. மழை அதைக் கரைத்து அழிப்பதில்லை. ஆண்டுகள் அதைத் தேய்ப்பதுமில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் என்னும் நாட்டில் இதன் முடிவு என்னவாயிற்று என்பதைச் சொல்கிறேன். அந்நாட்டுத் தலைநகரான டக்காரின் புறநகரில் தியாரோயே-சுர்-மேர் என்னும் கடலோரக் குடியிருப்பு இருக்கிறது. அங்கே பல ஆண்டுகளாகப் பழைய சேமக்கலங்களை உடைத்துவந்தார்கள். காரீயத்தூள் கலந்த மண்ணைச் சலித்து, துகள்களைச் சேர்த்து விற்பதும் பெண்களுக்கு ஒரு பிழைப்பாயிற்று. குழந்தைகள் அந்த மண்ணிலேயே விளையாடினார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அப்பகுதியில் 18 குழந்தைகள் இறந்தார்கள். ஆய்வுக்கு வந்தவர்கள் அங்கே வாழ்ந்த 50 குழந்தைகளின் குருதியைச் சோதித்தபோது, நஞ்சேறாத குழந்தை ஒன்றுகூட இல்லை. குருதியில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே கவலைகொள்ள வேண்டும் என்பது இன்றைய மருத்துவர் கருத்து. அக்குழந்தைகளுள் மிகக் குறைவாக இருந்த குழந்தைக்கே ஏறக்குறைய 40. மிகுதியாக இருந்த குழந்தைக்கு 600-க்கும் மேல்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டின் மொம்பாசாத் துறைமுகத்தை அடுத்த ஒவினோ உகுரு என்னும் குடியிருப்பிலும் இத்தகைய கதையே நடந்தது. அங்கே சேமக்கலக் காரீயத்தை உருக்கும் ஆலை ஒன்றில் ஃபில்லிஸ் ஒமிடோ என்னும் இளம் தாய் பணிபுரிந்தார். அவருடைய கைக்குழந்தை நோயுற்றது. அதன் குருதியில் காரீயம் இருப்பது தெரிந்தது. தம் குழந்தைக்கு மருந்து தேடியதோடு அவர் நின்றுவிடவில்லை. அக்கம்பக்கத்துக் குழந்தைகளையும் சோதிக்கச் செய்து, ஊராரைத் திரட்டிப் போராடினார். 2014-இல் அந்த ஆலை மூடப்பட்டது. மறு ஆண்டு, சுற்றுச்சூழலுக்காகப் போராடுவோருக்கு வழங்கும் கோல்டுமன் பரிசு அவருக்குக் கிடைத்தது.

குழந்தைகளை மட்டும் காரீயம் ஏன் இவ்வளவு கொடுமையாகத் தாக்குகிறது? வாய்வழியே செல்லும் காரீயத்தில் பெரியவர்களின் உடல் ஏற்றுக்கொள்வதைப்போல நான்கைந்து மடங்கைக் குழந்தையின் உடல் ஏற்றுக்கொள்கிறது. உடல் அதைச் சுண்ணாம்புச் சத்து என்று தவறாக எண்ணி, எலும்பிலும் பல்லிலும் சேர்த்து வைக்கிறது. ஆண்டுகள் பல கழித்து, ஒரு பெண் தாய்மையடையும்போது, எலும்பில் உறங்கிய காரீயம் குருதியில் இறங்கிக் கருவிலுள்ள குழந்தையையும் அடையக் கூடும். வளர்ந்துவரும் மூளையை அது கெடுக்கிறது. நினைவாற்றலும் கவனமும் குன்றுகின்றன. அவ்வாறு இழந்ததை மருத்துவம் மீட்டுத் தர முடிவதில்லை. இந்த அளவுக்குள் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே காரீயத்துக்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகம் முழுவதும் 80 கோடி வரையிலான குழந்தைகளின் குருதியில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் இருக்கலாம் என்று ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நல நிதியமும் மற்றோர் அமைப்பும் 2020-இல் மதிப்பிட்டன. இத்தனைக்கும் சேமக்கலம் ஒன்றே காரணம் அன்று. வண்ணப் பூச்சும், பழைய குழாயும், பாத்திரமும், மசாலைக் கலப்படமும் உண்டு. எனினும், முறையின்றி உடைக்கும் சேமக்கலம் அக்காரணங்களுள் முக்கியமான ஒன்று என்று அவ்வறிக்கை கூறுகிறது. மதிப்பெண் குறைந்த மாணவனை மந்தபுத்தி என்று ஏசுகிறோம். அவன் வீட்டுக்கு எதிரே எந்த அடுப்பு எரிந்தது என்று நாம் கேட்பதுண்டா?

இனி, பழைய சேமக்கலம் ஏன் கொட்டகையைத் தேடிப் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். அதற்குக் காரணம் எளிது: கொட்டகைக்காரர் கூடுதல் விலை தருகிறார். மூடிய உலை வைத்திருக்கும் ஆலையார், புகை வடிகட்டிக்கும், அமிலம் முறிக்கும் தொட்டிக்கும், தொழிலாளரின் குருதிப் பரிசோதனைக்கும் செலவிட வேண்டியிருக்கிறது. கொட்டகைக்காரருக்கு அச்செலவு எதுவும் இல்லை. அவ்வாறு மிச்சமான பணத்தில் ஒரு பகுதியைச் சேமக்கலத்தை விற்பவருக்கு அவர் தருகிறார். விற்பவர் நல்ல விலை கிடைத்ததாக மகிழ்கிறார். ஆனால், அந்த அதிகப்படியான பணம் வானத்திலிருந்து விழுந்தது அன்று. அமிலம் ஓடிய வாய்க்காலிலிருந்தும், உடைத்தவரின் குருதியிலிருந்தும், அவர் குழந்தையின் படிப்பிலிருந்தும் எடுத்து வந்தது அது. தீங்கு இடம் மாறிற்று என்று தொடக்கத்தில் சொன்னேன். எதிர்த்துப் பேச வலிமையில்லாத இடமாகப் பார்த்து அது குடியேறியிருக்கிறது. கொட்டகையில் கோடரி ஏந்துபவரைக் குற்றவாளி என்று சொல்லிவிடுவது எளிது. அவருக்கு வேறு தொழில் இருந்திருந்தால் அதைத் தொட்டிருக்கமாட்டார்.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே, அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் காரீய நஞ்சை முதலாவதாக வைத்தது. பழைய சேமக்கலங்களைக் கையாள்வதற்கு 2001-இல் தனி விதிகள் வந்தன. அவற்றுக்குப் பதிலாக 2022 ஆகஸ்டில் இன்னும் விரிவான விதிகளை மத்திய அரசு வெளியிட்டது. கார், தொழில்துறை, மின்வாகனம் முதலிய எல்லாவகைச் சேமக்கலங்களும் இவற்றுள் அடங்கும். பழையதைத் திரும்பப் பெற்று, முறைப்படி மறுபயனுக்கு அனுப்புவதும் அதைச் செய்து விற்பவரின் பொறுப்பு என்று இவ்விதிகள் கூறுகின்றன. குப்பையோடு புதைப்பதும் எரிப்பதும் கூடாது. இவை நல்ல விதிகளே. ஆயினும், விதி ஏட்டில் இருக்கிறது. சேமக்கலமோ தெருவில் இருக்கிறது. இரண்டையும் இணைக்க வேண்டியவர்கள் மனிதர்கள்.

அந்த மனிதர்கள் நீங்களே என்று கருதித்தான் இவ்வளவும் சொன்னேன். உங்களுள் சிலர் நாளை பொறியியலாராக ஆலைக்குள் செல்வீர்கள். மின்னேற்ற அறையைத் திட்டமிடும்போது, வண்டிகளின் எண்ணிக்கையை மட்டும் பாராமல், பிறக்கும் ஹைட்ரஜனின் அளவையும் கணக்கிட்டு, கூரையின் உச்சியில் காற்றுக்கு வழி வையுங்கள். சிலர் மருத்துவராவீர்கள். இரத்தசோகையும் வயிற்றுவலியும் கொண்ட குழந்தையை ஏழைத் தாய் ஒருத்தி தூக்கி வரும்போது, “வீட்டருகே என்ன தொழில் நடக்கிறது, அம்மா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சிலர் வணிகராகவும் அதிகாரியாகவும் அமர்வீர்கள். பழைய சேமக்கலங்களை விற்கும் தாளில் கையெழுத்திடும்போது, விலையை மட்டும் பார்க்காமல், வாங்குகிறவரிடம் உரிமம் உண்டா, அவர் எங்கே கொண்டுபோய் உருக்குவார் என்பதையும் கேட்டறியுங்கள். இன்றைக்கே செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. வீட்டில் மின்தடைக்காக வைத்திருக்கும் இன்வெர்ட்டரிலும், வாசலில் நிற்கும் காரிலும் இருப்பது இதே காரீயந்தான். அது பழையதாகும்போது, கூடுதலாகச் சில ரூபாய் தருகிறார் என்பதற்காக முகமறியாதவரிடம் போடாமல், புதியதை வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுக்கும்படி உங்கள் பெற்றோரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

புதிய பொறி ஒன்று வரும்போது, அது நமக்கு என்ன தருகிறது என்று கேட்பது இயல்பு. அது யாரிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்றும் உடன் கேட்பதுதான் கல்வியின் பயன். புகையில்லாத வண்டிகள் நம் நாட்டில் பெருகட்டும். அவற்றைச் செலுத்துகிறவரும், அவற்றுக்கு மின்சாரம் ஏற்றுகிறவரும், அவற்றின் பழைய கலத்தை உடைக்கிறவரும், அவர் வீட்டுக் குழந்தையும் நலமாக இருந்தால்தான் அவ்வண்டியைத் தூய்மையான வண்டி என்று நாம் சொல்லலாம். அந்த நிலையை உண்டாக்கும் அறிவு நம்மிடம் இருக்கிறது. அதைச் செயலாக்கும் பொறுப்பை உங்கள் தலைமுறை ஏற்க வேண்டும்.